செட்டிநாட்டுப் பக்கம் அந்தக் காலத்தில் ஊர்ப்படை இருந்ததா? இருந்தால் என்ன ஆனது?

இருந்தது. ஆனால் சீருடை, மாதச் சம்பளம் எல்லாம் கொண்ட பட்டாளமாகக் கற்பனை செய்ய வேண்டாம். இன்றைய செட்டிநாட்டின் பெரும்பகுதி அன்று சிவகங்கைச் சீமை. சாதாரண நாளில் உழவும் ஊர்க்காவலும் பார்ப்பவர்கள், பாளையத்திலிருந்து, அதாவது சீமையை ஆண்டவர்களிடமிருந்து, ஆள் வந்தால் வேலும் வளரியுமாகக் கிளம்பிவிடுவார்கள்.

வளரி என்பது மரத்திலோ இரும்பிலோ செய்த பிறை போன்ற ஆயுதம். ஒரு முனை கனமாகவும் மறுமுனை மெலிந்தும் இருக்கும். மெலிந்த முனையைப் பிடித்து, தோளுக்கு மேல் சுழற்றி, ஓடுகிறவன் காலைப் பார்த்து வீசுவார்கள். கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, இதை எறியத் தனக்குக் கற்றுக்கொடுத்ததே சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்களில் இளையவரான சின்ன மருதுதான் என்று எழுதியிருக்கிறார். அப்புறம் 1801-இல் அதே மருதுவை எதிர்த்துப் போரிட்ட படையிலும் அவர் இருந்தார்!

அந்தப் போரில் காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுவயலிலிருந்து, மருதுகளின் கோட்டையான காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி போட முயன்ற கம்பெனிப் படை, மறைந்திருந்து தாக்கியவர்களிடம் ஏகப்பட்ட அடி வாங்கி அதைக் கைவிட்டது. பக்கத்துப் புதுக்கோட்டையின் மன்னர் தொண்டைமானோ கம்பெனி பக்கம். கடைசியில் காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். பிறகு ஆயுதங்களைப் பறித்து, பாளையத்தை ஜமீனாக்கினார்கள். ஊர்ப்படையின் கதை அதோடு சரி.