மூட்டு மாற்றிய காலுக்கு இந்தக் கர்க்கடகத்தில் உழிச்சல் வேண்டாம்

கேள்வி: என் அத்தைக்கு வயது 67, சர்க்கரை உண்டு. வரும் ஆனியில் திருவனந்தபுரத்தில் வலது முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். வீட்டில் இந்தியன் டாய்லெட்தான். வீடு திரும்பியதும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குப் போய்க் கர்க்கடக உழிச்சல் (மலையாள ஆடி மாதத்தில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது) எடுத்தால் கால் சீக்கிரம் மடங்கும் என்கிறார்கள். முன்னும் பின்னும் என்னென்ன செய்ய வேண்டும்? – வாசகி, புளியரை

பதில்: உழிச்சலை முதலில் பார்த்துவிடுவோம், ஆபத்து அதில்தான் இருக்கிறது. ஆனியில் ஆபரேஷன் என்றால் கர்க்கடகம் பிறக்கும்போது நாலு வாரம் ஆகியிருந்தாலே பெரிது. முதல் ஆறு வாரம் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு அதிகம். அதைத் தடுக்கத்தான் ஊசியோ மாத்திரையோ எழுதித் தருகிறார்கள். உறைந்த கட்டி உள்ள காலை அழுத்தித் தேய்த்தால் அது பெயர்ந்து நுரையீரலில் போய் அடைக்கலாம். இன்னொன்று, தழும்புக்கு வெளிப்பக்கம் தோல் கொஞ்ச இடம் மரத்துப் போயிருக்கும். அங்கே கிழி, அதாவது சூடாக்கிய மருந்து முடிச்சு, வைத்தால் சுடுவது தெரியாமல் கொப்பளித்துவிடும். மூட்டு மூன்று முதல் ஆறு மாதம்வரை கதகதப்பாகவும் லேசான வீக்கத்தோடும் இருப்பது இயல்பு; அதை 'உடம்புச் சூடு' என்று எண்ணி எண்ணெயைத் தேட வேண்டாம். பொருக்கு எல்லாம் உதிர்ந்து தோல் மூடிய பிறகு, டாக்டர் சரி என்றால், தழும்பின்மேல் விரல் நுனியால் மெதுவாகத் தேங்காய் எண்ணெய் தடவலாம். அந்த மாதம் குடிக்கும் மருந்துக் கஞ்சியான கர்க்கடகக் கஞ்சியில் வெல்லம் வேண்டாம். மருந்துப் பொடி சேர்ப்பதானால் ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தோடு ஒத்துப்போகுமா என்று முதலில் கேளுங்கள்.

இனி ஆபரேஷனுக்கு முன்னால். மூன்று மாதச் சர்க்கரை அளவு, அதாவது ஹெச்பிஏ1சி, 7.5-ஐ ஒட்டி இருப்பது நல்லது. 8-ஐத் தாண்டினால் பல டாக்டர்கள் தேதியைத் தள்ளிவைப்பார்கள். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது, சீழ் பிடிக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறாரா என்று சீட்டைப் பாருங்கள். அவற்றைப் பொதுவாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால், சர்க்கரை அளவு சரியாக இருப்பதுபோல் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். வலிக்காக முழங்காலில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் மறைக்காதீர்கள். மூன்று மாதம் இடைவெளி வேண்டும். சொத்தைப் பல், கால் விரலிடுக்குப் புண், சிறுநீர் எரிச்சல் எதுவானாலும் முன்பே ஆற்றிவிட வேண்டும், கிருமி அங்கிருந்து ரத்தம் வழியாகப் புது மூட்டுக்கு வரும்.

தொடைத் தசைக்கு இன்றே வேலை கொடுங்கள். காலை நீட்டிப் படுத்து, முழங்காலின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடித்து விட வேண்டும். பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. இந்தத் தசை தளர்ந்து போனவர்கள்தான் ஆபரேஷனுக்குப் பிறகு நடையில் திணறுகிறார்கள்.

வீட்டில் இந்தியன் டாய்லெட்டை இடிக்கத் தேவையில்லை. நடுவில் ஓட்டை போட்ட கமோட் நாற்காலியை அதன்மேல் வைத்தால் போதும், சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும். பக்கச் சுவரில் கைப்பிடி கட்டாயம். கட்டிலும் நாற்காலியும் 18 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கையை இயல்பாகத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதுதான் வாக்கரின் உயரம். சாரல் காலத்தில் முற்றத்தில் பாசி படரும். தேய்த்துக் கழுவுங்கள், வாக்கர் கால் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

ஆபரேஷன் அன்றோ மறுநாளோ எழுப்பி நிற்க வைப்பார்கள். அங்கே பிசியோதெரபிஸ்ட் 'மடக்கு, நிவர்த்து' என்பார். நிவர்த்து என்றால் மலையாளத்தில் நீட்டு. எல்லாரும் மடக்குவதையே பார்க்கிறார்கள், நீட்டுவதை மறந்துவிடுகிறார்கள். கால் முழுசாக நீளாமல் போக முதல் காரணம் தலையணை. வலி குறைகிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் கால் கொஞ்சம் மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு ஆயுளுக்கும் நொண்டல்தான். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் மட்டும் வைத்து, முழங்காலைத் தொங்கவிட்டுப் பத்து நிமிடம், நாளைக்கு நாலு தடவை. வலிக்கத்தான் செய்யும். வலி மாத்திரையைப் பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்னால் கொடுங்கள். முடிந்ததும் துண்டு சுற்றிய ஐஸ் கால் மணி நேரம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக் வேண்டாம், சர்க்கரைக்காரருக்குக் கிட்னி கெடும்.

மடக்குவதில் இரண்டு வாரத்தில் 90 டிகிரி, ஆறு வாரத்தில் 110 என்பது நல்ல கணக்கு. ஆறாவது வாரத்திலும் 90 வரவில்லை என்றால் காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள். மயக்க மருந்து கொடுத்து மடக்கிவிடுவது மூன்று மாதத்துக்குள்தான் எளிது, அப்புறம் உள்தழும்பு கெட்டியாகிவிடும்.

திண்ணைப் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில். குத்துக்காலிட்டு உட்காருவதையும் சம்மணம் போடுவதையும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

வீடு திரும்பும் நாளில் காரின் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளிச் சாய்த்து உட்கார வையுங்கள். மணிக்கு ஒருதரம் நிறுத்தி நாலு அடி நடக்கட்டும். தென்மலை, ஆரியங்காவு வளைவுகளில் காலை இறுக்கிப் பிடிக்காமல் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொண்டே வரட்டும்.

தையலோ கிளிப்போ பிரிப்பது 12 முதல் 14 நாளில். அதை செங்கோட்டையிலேயே பிரித்துக்கொள்ளலாமா என்று முன்பே கேட்டு வையுங்கள். புண்ணில் ஐந்து நாளுக்கு மேல் நீர் கசிந்தாலோ, காய்ச்சலோடு சிவந்து வலி கூடினாலோ உள்ளூரில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். அது கிருமியை மறைத்துவிடும், பிறகு நீர் எடுத்துச் சோதித்தாலும் என்ன கிருமி என்று தெரியாது. ஆபரேஷன் செய்தவரிடமே போக வேண்டும். ஆனால் திடீரென்று மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் மலை ஏறிக் கேரளத்துக்கு ஓடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுத் தென்காசி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

டிஸ்சார்ஜ் ஃபைலில் பொருத்திய மூட்டின் கம்பெனி, அளவு, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டர் அந்தக் காலைத் திறக்க நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.