கொழும்பு மழைக்குள்ள கள்ளி வளக்கிறது: நீங்க கேட்டதும் என்ர பதிலும்

நான் வெள்ளவத்தையில மூண்டாம் மாடி பல்கனியில பதினொரு வருஷமா கக்டஸ் வளக்கிறன். பொட்டனி ஒண்டும் படிக்கேல்ல, கனக்க சாகடிச்சுத்தான் பழகினது. வந்த கேள்வி எல்லாத்துக்கும் ஒரேயடியா சொல்லுறன்.

கேள்வி (தெஹிவளை அக்கா): கிழமைக்கு ஒருக்காத்தான் தண்ணி ஊத்துறன், அப்பவும் அடி மஞ்சளாகி மெத்தெண்டு போகுது.

அக்கா, அந்தக் கிழமைக்கணக்கு காய்ஞ்ச ஊருக்கு. இங்க வருஷத்துக்கு 2400 மில்லிமீட்டர் கிட்ட மழை, ஏப்ரல் மேயிலயும் ஒக்டோபர் நவம்பரிலயும் காத்தே ஈரம், சாடி காயாது. ஈர்க்கு ஒண்டை அடிவரைக்கும் குத்தி கொஞ்சம் விட்டு இழுங்கோ, மண் ஒட்டி வந்தா ஊத்தாதீங்க. நான் அந்த மாசங்கள்ல மூண்டு கிழமை கூட விட்டிருக்கிறன், ஒண்டும் ஆகேல்ல. சரி, மெத்தெண்டதைக் காப்பாத்த, மேல கெட்டியா இருக்கிற இடத்தில குறுக்கா வெட்டிப் பாருங்கோ. வெட்டின முகத்தில நடுவில ஒரு கபில நிற வளையம் தெரிஞ்சா அழுகல் இன்னும் மேல ஏறியிருக்கு எண்டு அர்த்தம், கத்தியை ஸ்பிரிட்டால துடைச்சுப்போட்டு அரை அங்குலம் மேல திரும்ப வெட்டுங்கோ, முழுக்க வெள்ளைப்பச்சையா வரும் வரைக்கும். பத்து நாள் நிழல்ல காய விட்டு, வெட்டு தோல் மாதிரி காய்ஞ்ச பிறகு காய்ஞ்ச மணல்ல வைங்கோ. பாவம் எண்டு கொஞ்சம் விட்டு வெட்டி என்ர உருண்டைக் கள்ளி ரெண்டு போனது, அதால சொல்லுறன்.

கேள்வி (கொட்டாஞ்சேனை தம்பி): வாங்கின சாடியில முழுக்க தும்புத்தூள் அன்ரி, மாத்தவா?

உடன மாத்துங்கோ. தும்புத்தூள் தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கும். ஒரு பங்கு கொம்போஸ்ட், ரெண்டு பங்கு கழுவின ஆத்துக் குருமணல், ஒரு பங்கு உடைச்ச செங்கல், கொஞ்சம் சிரட்டைக்கரி, இதுதான் என்ர கலவை. கடற்கரை மணல் அள்ளிக்கொண்டு வராதீங்க, உப்பு. அடியில கல்லுப் போட்டா தண்ணி வடியும் எண்டுறதையும் நம்பாதீங்க, ஈரம் கல்லுக்கு மேல மண்ணுக்குள்ளேயே நிண்டுகொள்ளும், சாடிக்கு ஓட்டை இருக்கோணும், அவ்வளவுதான்.

கேள்வி: தலையில சிவப்பு உருண்டை இருக்கிற கள்ளி ஏன் கொஞ்ச நாள்ல செத்துப்போகுது?

அது ரெண்டு செடியை ஒட்டினது. சிவப்புக்கு பச்சையம் இல்லை, தனியா சாப்பாடு செய்ய மாட்டாது, கீழ இருக்கிற பச்சை டிராகன் ஃப்ரூட் வகைத் தண்டுதான் ஊட்டுது. ரெண்டும் வளர்ற வேகம் வேற, ஒட்டு நெடுங்காலம் நிக்காது. காலை வெயில் போதும்.

கேள்வி (வத்தளை): ராத்திரியில பூக்கிற கடுபுல் கக்டஸா?

ஓம், கக்டஸ்தான், மெக்சிகோப் பக்கத்தது, முள்ளில்லாத தட்டைத் தண்டு, விடியிறதுக்கு முதல் வாடிடும். மரத்தில தொத்தி வளர்ற சாதி, அதால மற்றக் கள்ளிகளை விட இதுக்கு கொஞ்சம் ஈரமும் நிழலும் வேணும். ஒரு விஷயம் தெரியுமோ, கக்டஸ் எல்லாம் அமெரிக்காக் கண்டங்களது, ஆனா மரக்கொப்பில முடி மாதிரித் தொங்கிற ரிப்சாலிஸ் ஒண்டு மட்டும் ஆபிரிக்காவிலயும் எங்கட இலங்கைக் காட்டிலயும் தானா வளருது. எங்கட சதுரக்கள்ளி கக்டஸே இல்லை, அதை உடைச்சா பால் வடியும், கண்ணில பட்டா தண்ணியால நல்லா கழுவிப்போட்டு டொக்டரிட்ட போங்கோ.

கேள்வி: இலை இடுக்கில பஞ்சு மாதிரி வெள்ளை?

மாவுப்பூச்சி. பார்மசி ஸ்பிரிட்டில பஞ்சுக்குச்சி நனைச்சு ஒவ்வொண்டாத் தொடுங்கோ, கிழமைக்கு ஒருக்கா, நாலு தரம். வேரிலயும் பாருங்கோ.

கேள்வி: வீட்டுக்குள்ள கள்ளி வைக்கக்கூடாது எண்டு மாமி சொல்லுறா.

அது நீங்களும் மாமியும் பேசித் தீர்க்கவேண்டியது. நான் வாசல்ல வைக்கிறேல்ல, முள்ளு சாரியில கொழுவும்.