வாசகர் கேள்வி பதில்: காப்புக்காடு எவ்வளவு, காடு எவ்வளவு?

கேள்வி: என் மகள் அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள். இந்தியாவில் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் காடு எவ்வளவு என்று தேடினால் ஒரு புத்தகத்தில் 5 சதவீதம், இன்னொன்றில் 21, வேறொன்றில் 23 என்று இருக்கிறது. எது சரி? முன்பைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: மூன்றும் சரிதான் ஆச்சி. ஒவ்வொன்றும் வேறொன்றை அளக்கிறது, அவ்வளவுதான். 23 சொச்சம் என்பது அரசுப் பதிவேட்டில் காடு என்று எழுதப்பட்ட நிலம், அதில் மரமே இல்லாத பொட்டலும் சேரும். 21 சொச்சம் என்பது செயற்கைக்கோள் படத்தில் பச்சையாகத் தெரிவது. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்தில் ஒரு பங்கு மர நிழல் விழுந்தால் போதும், தென்னந்தோப்பையும் மாந்தோப்பையும்கூட காடு என்று எண்ணிவிடுவார்கள். 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டுவது தேசியப் பூங்கா, சரணாலயம் போன்றவை. கடுமையான பாதுகாப்பு என்றால் அதுதான்.

கூடியதா குறைந்ததா என்று பார்க்க உங்கள் வீட்டு வளவில் (முற்றத்தில்) நிற்கும் பர்மா தேக்குத் தூணிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1852இல் பர்மாவின் பெகு பகுதியைப் பிடித்த ஆங்கிலேயர்களுக்குக் கப்பலுக்குத் தேக்கு தேவைப்பட்டது. இஷ்டத்துக்கு வெட்டினால் தீர்ந்துபோகும் என்று பயந்து, அந்தக் காடுகளைக் கவனிக்க 1856இல் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியரை வைத்தார்கள். அவரே 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவர் ஆனார். 1865இல் முதல் வனச் சட்டம், 1878இல் அதைவிடக் கடுமையான ஒன்று, நம் சென்னை மாகாணத்துக்கு 1882இல் தனிச் சட்டம். அந்த 1882 சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் நடப்பில் இருக்கிறது. அன்று 'காப்பு' என்றால் சர்க்காருடைய மரத்தைக் காப்பது. புலியும் குயிலும் யார் கணக்கிலும் இல்லை, தலைமுறை தலைமுறையாக விறகு பொறுக்கியவர்களும் ஆடு மேய்த்தவர்களும் ஒரே நாளில் குற்றவாளி ஆனார்கள். இதை விட்டுவிட்டுச் சதவீதத்தை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மகளுக்குத் தேர்வில் உதவும் ஒன்று: சட்டத்தில் 'காப்புக்காடு' வேறு, 'பாதுகாக்கப்பட்ட காடு' வேறு. முதலாவதில் அனுமதித்ததைத் தவிர எதுவும் செய்யக்கூடாது. இரண்டாவதில் தடுத்ததைத் தவிர எல்லாம் செய்யலாம். பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும், பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

காட்டையும் அதில் வாழும் உயிர்களையும் சேர்த்துக் காப்பதற்கு நாடு முழுவதற்குமான சட்டம் 1972இல்தான் வந்தது. 1980இல் மத்திய அரசைக் கேட்காமல் காட்டு நிலத்தை வேறு வேலைக்குக் கொடுக்கக்கூடாது என்றார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், யாருடைய நிலமாக இருந்தாலும் அகராதிப்படி காடு என்றால் காடுதான் என்றது. பாதுகாப்பின் எல்லை ஒரே தீர்ப்பில் விரிந்தது அப்போதுதான். 1980 சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம் அதைச் சுருக்கிவிட்டது என்பது என் எண்ணம். ஆகவே பூங்கா, சரணாலயக் கணக்கு 1972க்குப் பிறகு நன்றாகக் கூடியது. உலக அளவிலும் அப்படித்தான், 1990க்கும் 2020க்கும் நடுவில் 19 கோடி ஹெக்டேருக்கு மேல் காடு புதிதாகப் பாதுகாப்புக்குள் வந்து, மொத்தக் காட்டில் 18 சதவீதம் ஆகியிருக்கிறது.

கேள்வி: எங்கள் பக்கம் 'காப்புக்காடு' என்று பலகை வைத்திருக்கிறார்கள், உள்ளே போனால் வரிசை வரிசையாகத் தைல மரம். இதுவும் பாதுகாக்கப்பட்ட காட்டுக் கணக்கில் வருமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வரும். பதிவேட்டிலும் வரும், செயற்கைக்கோள் படத்திலும் வரும். எனக்கு மனசு கேட்காத இடம் இதுதான். காரையும் சூரையும் வீரையும் உலக்கைப் பாலையும் நிற்கும் நம் கோயில்காட்டில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு அந்தத் தைலக் காட்டுக்குள் போங்கள், பறவைச் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். ஆனால் அந்தக் கோயில்காடு காப்புக்காடாக அறிவிக்கப்படாமல், ஒரு ஹெக்டேருக்கும் குறைவாக இருந்துவிட்டால் இந்த இரண்டு கணக்கிலும் இடம் கிடைக்காது.

கேள்வி: சட்டம் இல்லாமல் ஊர்க்காரர்களே காப்பாற்ற முடியாதா?
– கல்லூரி மாணவர், திருப்பத்தூர்

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறதே தம்பி, வேட்டங்குடி. 1977இல் பறவைகள் சரணாலயம் ஆனது, ஆனால் அங்குள்ள கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருப்பது எந்தச் சட்டமும் சொல்லிச் செய்வதில்லை. அதற்காகச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மேலூர் பக்கம் அரிட்டாபட்டியைப் பாருங்கள். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்கள். இரண்டே வருஷத்தில் அந்த மலையையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுக் கிராமத்து மக்கள் திரண்டு நடந்தே மதுரைக்குப் போனார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அரசாணை கையில் இருந்ததால்தான் அவர்களால் 'இது பாதுகாக்கப்பட்ட இடம்' என்று வாதாட முடிந்தது, அவர்கள் நடந்ததால்தான் அந்த ஆணைக்கு உயிர் வந்தது.

கார்த்திகை, மார்கழியில் நல்ல மழை பெய்து கண்மாய் நிறைந்திருந்தால் ஒரு நாள் விடிகாலையில் வேட்டங்குடிக்குப் போய் வாருங்கள். நத்தை குத்தி நாரையும் வக்காவும் கருவேல மரம் தெரியாத அளவுக்கு உட்கார்ந்திருக்கும்.