உரிந்த பெயிண்டைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. மும்பை செம்பூரில் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். சென்ற நவம்பரில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் நாற்பது பால்கனிகளுக்கு ஜி.ஐ. குழாயில் கிரில் செய்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், எனாமல் இரண்டு கோட் அடித்துக் கொடுத்தேன். ஐந்து மாதத்தில் பெயிண்ட் வாழைப்பட்டை போல நீளநீளமாக உரிகிறது. சில கிரில்களுக்கு வேறு கம்பெனி பெயிண்ட் வாங்கி மேலே இன்னும் இரண்டு கோட் அடித்தேன். அவை இன்னும் சீக்கிரம் உரிந்தன. அதே பெயிண்டர் அதே டப்பாவிலிருந்து அந்தக் கட்டடத்தின் இரும்பு கேட்டுக்கு அடித்தது அப்படியே நிற்கிறது. செயலாளர் பாக்கிப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். பெயிண்ட் கம்பெனியைக் கேட்பதா, பெயிண்டரைக் கேட்பதா? இதை எப்படிச் சரிசெய்வது?

பதில்: கேட்டில் நிற்கிறது, கிரில்லில் உரிகிறது என்று நீங்கள் எழுதிய வரியிலேயே பாதி விடை இருக்கிறது. பெயிண்ட் ஒன்றே, அடித்த கை ஒன்றே, கடற்காற்றும் ஒன்றே. மாறியது அடியில் இருக்கும் உலோகம் மட்டும்தான். கேட்டின் மேற்பரப்பு இரும்பு. கிரில்லின் மேற்பரப்பு துத்தநாகம். ஜி.ஐ., அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, என்றதும் நம் மனத்தில் உள்ளே இருக்கும் இரும்புதான் வருகிறது. ஆனால் பெயிண்ட் தொடுவது, ஏறக்குறைய 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த மேல்தோலை.

மற்றப் பாதி விடை அந்தப் பால்கனிகளின் தரையில் கிடக்கிறது. உரிந்த செதில்களில் அகலமான ஒன்றை எடுத்துத் திருப்பி, வெயில் படும் இடத்தில் பின்புறத்தைப் பாருங்கள். பூச்சு ஆய்வில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். இன்றைக்கும் முதலில் செய்வது இதைத்தான். விலையுயர்ந்த கருவிகளெல்லாம் இதற்குப் பிறகுதான். பின்புறம் சொரசொரவென்று உடைந்த முகமாக இருந்து, குழாயிலும் கொஞ்சம் பெயிண்ட் மிஞ்சியிருந்தால், பெயிண்ட் தனக்குள்ளேயே பிளந்திருக்கிறது. அப்போது டப்பாவைச் சந்தேகிக்கலாம். வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அது வெள்ளைத் துரு, அதாவது துத்தநாகத்தின் துரு. ஈரத்தோடு அடுக்கிவைத்த குழாய்களில் வருவது. ரெட் ஆக்சைடின் பின்புறம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்கிறதா? விரலால் தேய்த்தால் மெழுகு தடவியது போல வழுக்குகிறதா? குழாயும் புதிது போலப் பளபளக்கிறதா? அப்படியானால் பெயிண்டும் உலோகமும் சந்தித்த அந்த எல்லையில்தான் பிடி விட்டிருக்கிறது. வாழைப்பட்டை போல நீளமாக உரிகிறது என்று நீங்கள் சொல்வதால், இந்த மூன்றாவது வகையைத்தான் நான் எதிர்பார்க்கிறேன்.

அந்த வழுக்கல் உண்மையிலேயே சோப்புதான். கடையில் கிடைக்கும் ரெட் ஆக்சைடும் சாதாரண எனாமலும் பெரும்பாலும் ஆல்கிட் ரெசினில் செய்யப்படுபவை. ஆளிவிதை, சோயா போன்ற எண்ணெய்களின் கொழுப்பு அமிலங்களை எஸ்டர் பிணைப்புகளால் (அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து உண்டாகும் இணைப்புகள்) கட்டிய பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு, அது. காற்றிலுள்ள ஈரம் பெயிண்டை ஊடுருவி உலோகம்வரை போய்விடும். அதை முழுதாகத் தடுக்கும் பெயிண்ட் கிடையாது. அங்கே துத்தநாகம் ஹைட்ராக்சைடாக மாறி, எல்லையில் காரத்தன்மை உண்டாகிறது. காரம் எஸ்டர் பிணைப்பை அறுக்கிறது. விடுபட்ட கொழுப்பு அமிலம் துத்தநாகத்தோடு சேர்ந்து துத்தநாக சோப்பாகிறது. தேங்காயெண்ணெயில் காரம் ஊற்றிச் சோப்புக் காய்ச்சுவதும் இதே வேதியியல்தான். இந்தச் சோப்புக் குடும்பத்தைச் சேர்ந்த துத்தநாக ஸ்டியரேட்டை ரப்பர், பிளாஸ்டிக் தொழிற்சாலைகளில் வார்த்த பொருள் அச்சில் ஒட்டாமல் கழன்று வருவதற்கென்றே பூசுகிறார்கள். ஒட்ட வேண்டிய இடத்திலேயே உங்கள் பெயிண்ட் கழற்றிவிடும் பொருளைத் தயாரித்துக்கொண்டிருக்கிறது! ஆய்வகத்தில் செதிலின் பின்புறத்தை அகச்சிவப்பு நிறமாலையில் பார்த்தால், எஸ்டருக்கு உரிய சிகரம் 1740 அலையெண்ணை (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) ஒட்டித் தெரியும். அதற்குக் கீழே 1540-ஐ ஒட்டித் துத்தநாக சோப்பின் சிகரமும் எழுந்து நிற்கும். துத்தநாக வெள்ளை கலந்த எண்ணெய் வண்ணங்களால் தீட்டிய பழைய ஓவியங்களிலும் இதே சோப்பு உருவாகி வண்ணம் பெயர்கிறது. அருங்காட்சியகங்களில் ஓவியங்களைப் பாதுகாப்பவர்களுக்கு இது பெரிய கவலை. இரும்பின் மேல் இந்த வினை இப்படி விரைந்து நடப்பதில்லை. ரெட் ஆக்சைடு இரும்புக்கான பிரைமர் (அடிப்பூச்சு); உங்கள் கேட் அதனால்தான் நிற்கிறது.

இன்னொரு காரணமும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. புதிய ஜி.ஐ. குழாய் கிடங்கில் வெள்ளைத் துரு பிடிக்காமலிருக்க, ஆலையிலேயே மெல்லிய எண்ணெயோ குரோமேட் படலமோ ஏற்றி அனுப்புவது வழக்கம். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தின் மேல்தான் உங்கள் பெயிண்டர் பிரைமரைத் தடவியிருப்பார்.

எங்கள் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் (வெள்ளீயம்) பூச வருபவர் எனக்கு நினைவுக்கு வருகிறார். துருத்தி ஊதிப் பாத்திரத்தைச் சூடேற்றுவார், நவச்சாரத்தைத் தூவுவார், குப்பென்று வெண்புகை எழும். அதன் பிறகுதான் ஈயத்தைத் தொடுவார். பஞ்சால் ஒரே இழுப்பு, பாத்திரத்தின் உள்பக்கம் முழுதும் வெள்ளி போல மின்னும். நவச்சாரம் செய்தது என்ன? பித்தளையின் மேலிருந்த ஆக்சைடு படலத்தைக் கரைத்து, உலோகத்தை உலோகத்திடம் காட்டியது. அந்தப் படலம் இருந்தால் ஈயம் முத்து முத்தாகத் திரண்டு உருண்டுவிடும். பூசும் பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நடுவில் நிற்கும் சில நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) படலம்தான் பிடிப்பைத் தீர்மானிக்கிறது.

பெயிண்டை உலோகத்தோடு பிடித்துவைக்கும் விசைகள் மிகக் குறுகிய தூரமே எட்டுபவை. மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பு ஒரு நானோமீட்டர் இடைவெளி விழுந்தாலே பெரிதும் தளர்ந்துவிடும். ஆகவே திரவப் பெயிண்ட் முதலில் உலோகத்தின் மேல் முழுதாகப் பரவ வேண்டும். ஆனால் நன்றாகப் பரவியது என்பதை மட்டும் வைத்து நம்பிவிடக் கூடாது. தின்னர் கலந்த பெயிண்டின் பரப்பு இழுவிசை (திரவம் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை) மீட்டருக்கு 30 மில்லிநியூட்டன் அளவில்தான் இருக்கும். அது எண்ணெய்ப் படலத்தின் மேலும் அழகாகப் பரவும். பரவி, எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், உலோகத்தை அல்ல. தண்ணீரின் பரப்பு இழுவிசை 72. அது சுத்தமான உலோகத்தில் மட்டுமே தகடு போலப் பரவும். கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும், மாதுங்கா மார்க்கெட்டில் கட்டுக்கட்டாக விற்கும் சேப்பங்கிழங்கு இலையில் நீர்த்துளி திரள்வது போல உடைந்து திரளும். எனவே பெயிண்ட் அடிக்கும் முன் குழாயின் மேல் சுத்தமான தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். அரை நிமிடம் உடையாத படலமாக நின்றால் தொடரலாம், துளித்துளியாகப் பிரிந்தால் மறுபடியும் கழுவ வேண்டும். ஆய்வகங்களிலும் இந்தச் சோதனையைத்தான் செய்கிறோம். செலவு ஒரு குவளைத் தண்ணீர்.

கோட்டைக் கூட்டியதும் சீக்கிரம் உரிந்தது ஏன் என்று உங்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். ஆல்கிட் காய்ந்த பிறகும் காற்றின் ஆக்சிஜனோடு தொடர்ந்து வினைபுரிந்து இறுகிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். சுருங்க முயலும் படலத்தைக் குழாய் சுருங்க விடாமல் பிடித்திருப்பதால், அதற்குள் இழுவிசை தேங்குகிறது. அப்படித் தேங்கும் ஆற்றல் தடிமனுக்கு ஏற்பக் கூடுகிறது. ஒரு விரிசல் முன்னேறத் தேவையான ஆற்றலைவிடச் சேமித்த ஆற்றல் மிகுந்தால் விரிசல் தானாகவே ஓடும் என்று ஆங்கிலப் பொறியாளர் கிரிஃபித் 1921இல் கண்ணாடியை வைத்து விளக்கினார். உங்கள் கிரில்லில் எல்லையின் பிடிப்பு ஏற்கெனவே சோப்பால் தளர்ந்திருந்தது. மேலே இரண்டு கோட் ஏற்றியதும் உரிப்பதற்கான ஆற்றல் பெருகிவிட்டது. உரியும் பூச்சுக்கு மேல் இன்னொரு கோட் என்பது மருந்தல்ல. தயவுசெய்து இனி யாருக்கும் அதைச் செய்து கொடுக்காதீர்கள்.

இனி வேலை. பழைய பெயிண்ட் முழுவதும் போக வேண்டும், உறுதியாக ஒட்டியிருப்பது போலத் தெரியும் இடங்கள் உட்பட. அங்கும் சோப்பு உருவாகிக்கொண்டுதான் இருக்கும். சுரண்டியோ பெயிண்ட் ரிமூவர் போட்டோ எடுங்கள். ரிமூவரில் மெழுகு இருக்கும், ஆகவே அதற்குப் பிறகு தின்னர் துடைப்பு கட்டாயம். ஊதுவிளக்கால் எரிக்காதீர்கள், துத்தநாகம் 420 டிகிரியை ஒட்டி உருகிவிடும், எரியும் பெயிண்டின் புகையும் கெடுதல். தின்னரால் துடைக்கும்போது துணியை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே துணியால் நாற்பது கிரில்லைத் துடைத்தால் எண்ணெய் இடம் மாறுமே தவிரப் போகாது. பிறகு டிடர்ஜென்ட் நீரும் நைலான் பிரஷும் கொண்டு தேய்த்து, நல்ல தண்ணீரால் தாராளமாக அலசுங்கள். செம்பூர்க் காற்றில் வந்து படியும் உப்பும் இந்த அலசலில்தான் போகும். உப்பு அடியில் மாட்டிக்கொண்டால் பூச்சின் வழியே நீரை உறிஞ்சி உறிஞ்சிக் கொப்புளமாக்கும். வெள்ளைத் துரு உள்ள இடங்களை ஒன்றிரண்டு சதவீத அமோனியாக் கரைசலால் தேய்த்து அலசலாம்.

பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் குழாயில் ஊற்றிப் பளபளப்பைப் போக்கும் பழக்கம் சில பெயிண்டர்களிடம் உண்டு. வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குளோரைடு மூட்டுகளிலும் இடுக்குகளிலும் தங்கி, பூச்சுக்கு அடியில் அரித்துக்கொண்டே இருக்கும். பளபளப்பைப் போக்க 180 அல்லது 220 எண் எமரித் தாளால் கையால் தேய்த்தாலே போதும். கிரைண்டர் வேண்டாம். துத்தநாகத் தோல் சில பத்து மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதைச் சீவிவிட்டால் ஜி.ஐ. வாங்கியதற்கே பொருளில்லை. வெல்டிங் மூட்டுகளில் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். அந்த இடங்களை மட்டும் இரும்பு தெரியத் தேய்த்து, துத்தநாகம் செறிந்த பிரைமரைத் தொட்டு வையுங்கள்.

பிரைமரில் இரண்டு வழிகள் உண்டு. ஜி.ஐ. மேல் நேரடியாக அடிக்கலாம் என்று தகவல் தாளில் எழுதியிருக்கும் இரட்டை டப்பா எப்பாக்சி பிரைமர் ஒன்று. மற்றொன்று, பாஸ்பாரிக் அமிலம் உள்ள வாஷ் பிரைமர். அதை 8 முதல் 13 மைக்ரான் வரை, அடியிலுள்ள உலோகம் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத்தான் அடிக்க வேண்டும். இரண்டையும் அடித்தால் இரட்டிப்பு வலு என்று நினைத்துவிடாதீர்கள். எப்பாக்சியை இறுக்கும் அமைன் காரத்தன்மை உள்ளது. அடியிலிருக்கும் அமிலம் அதைத் தின்று, எல்லையில் இறுகாத பகுதியை விட்டுவைக்கலாம். தயாரிப்பாளர் அந்தச் சேர்க்கையை எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே செய்யுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் வழியைத்தான் எடுப்பேன். எப்பாக்சி வெயிலில் மாவுபோல உதிரும் என்பதால் மேலே பாலியூரித்தேன் கோட் வேண்டும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே செய்வதென்றால் சாதாரணத் துணி முகமூடி போதாது. உரிய சுவாசக் கவசம் இல்லாவிட்டால் பிரஷ்ஷாலேயே அடிக்கச் சொல்லுங்கள். சொசைட்டி அந்த விலை தராது என்றால், ஜி.ஐ.க்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் நீர் சார்ந்த அக்ரிலிக் பெயிண்டும் நல்ல மாற்றுதான். அதில் சோப்பாக மாறக்கூடிய எண்ணெய் இல்லை.

நேரத்தையும் பாருங்கள். குழாயின் வெப்பம் பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனிப்புள்ளி ஏறக்குறைய 27. அதற்கு மேல் ஈரம் கூடினால், காற்றைவிடச் சற்றே குளிர்ந்த குழாயில் கண்ணுக்குத் தெரியாத பனி படிந்து, அதன் மேல்தான் பெயிண்ட் உட்காரும். ஆகவே ஜூன் மழைக்கு முன் முடியாவிட்டால், அக்டோபரில் வானம் தெளியும்வரை காத்திருங்கள்.

கடைசியாகச் சோதனை. என் பணியின் தொடக்கத்தில் துத்தநாகத் தகடுகளில் ஒரு புதிய பூச்சை அடித்து, மறுநாளே டேப் ஒட்டி இழுத்துப் பார்த்து, ஒன்றும் பெயரவில்லை என்று அறிக்கை எழுதினேன். அதை நம்பி ஒரு நிறுவனம் வேலையைத் தொடங்கியது. மழையில் ஆறு வாரம் மொட்டை மாடியில் கிடந்த அதே தகடுகளில் பூச்சு கைநகம் பட்டாலே பெயர்ந்தது. அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. காய்ந்த நிலையில் பூச்சைப் பிடித்திருந்தவை பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகள். நீர் மூலக்கூறு வந்ததும் அந்த இடங்களைத் தானே பிடித்துக்கொண்டு பெயிண்டை வெளியேற்றிவிடும். உலர்ந்த சோதனை இதைக் காட்டாது. அதனால் முதல் கிரில்லோடு சேர்த்து ஒரு துண்டுக் குழாய்க்கும் அதே முறையில் பூச்சு அடித்து, ஏழு நாள் இறுக விட்டு, இரண்டு நாள் தண்ணீரில் போட்டு வையுங்கள். எடுத்துத் துடைத்து ஒரு மணி நேரம் கழித்து, பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு கோடுகள், குறுக்கே ஆறு கோடுகள் உலோகம்வரை கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி இழுங்கள். கட்டங்கள் முழுதாக நின்றால் மீதி முப்பத்தொன்பது கிரில்களைத் தொடுங்கள். பெயர்ந்தால், கழுவும் கட்டத்திற்குத் திரும்புங்கள்.

யாரைக் கேட்பது என்றீர்கள். டப்பாவைத் தேடியெடுத்து அதில் எந்த மேற்பரப்புக்கு என்று எழுதியிருக்கிறது என்று படியுங்கள், அங்கே ஜி.ஐ. என்ற சொல் இல்லையென்றால் கம்பெனியிடம் கேட்க உங்களுக்கு வழியில்லை. பெயிண்டரும் கொடுத்ததை அடித்தவர்தான். பெயிண்டைத் தேர்ந்தெடுத்தது நீங்கள் என்பதால் இந்தப் பொறுப்பு உங்களுடையது. சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் அதுதான் உண்மை. செயலாளரிடம் ஒரு செதிலைக் கொண்டுபோய், பின்புறத்தைத் திருப்பிக் காட்டி, ஒரு பால்கனியை என் செலவில் முதலில் செய்து தருகிறேன், நனைத்த துண்டின் சோதனையை நேரில் வந்து பாருங்கள், அது தேறிய பிறகு பாக்கியைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்லுங்கள்.