ஒபாமாகேர்: பதினைந்து ஆண்டு கடந்தும் ஓயாத கட்சிச் சண்டை – வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க அதிபராக இருந்த பராக் ஒபாமா 2010 மார்ச் 23 அன்று கையெழுத்திட்ட மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை மக்கள் ஒபாமாகேர் என்று அழைக்கிறார்கள். அனைவரும் காப்பீடு வாங்க வேண்டும், நோயுற்றவரையும் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டும், வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு மானியமோ அரசுக் காப்பீடோ தரும் என்பவையே அதன் சாரம். அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. இந்தச் சட்டம் தீமையைவிட நன்மையை மிகுதியாகச் செய்தது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இதை எதிர்த்தவர்கள் எல்லோரும் இரக்கமற்றவர்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): இவ்வளவு வளமான நாட்டில் மருத்துவக் காப்பீட்டுக்காக ஏன் இத்தனை பெரிய சண்டை?

பதில்: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஊதிய உயர்வுக்கு அரசு வரம்பு விதித்திருந்ததால், ஆட்களை ஈர்க்க நினைத்த நிறுவனங்கள் கூடுதல் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீட்டை அளிக்கத் தொடங்கின. அதற்குரிய வரிச்சலுகை 1954-இல் சட்டத்தில் உறுதியானபின் வேலையும் காப்பீடும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன. 1965-இல் அதிபர் லிண்டன் ஜான்சன் முதியோருக்கு மெடிகேர், ஏழைகளில் சில பிரிவினருக்கு மெடிகெய்ட் என்ற இரண்டு அரசுக் காப்பீடுகளைக் கொண்டுவந்தார். இவை எதிலும் அடங்காத சிறுகடை ஊழியர்களும், சொந்தத் தொழில் செய்பவர்களும், வேலையிழந்தவர்களும் தாங்களே காப்பீடு வாங்க வேண்டியிருந்தது. அவர்களில் நீரிழிவோ புற்றுநோயோ வந்தவர்களைக் காப்பீட்டு நிறுவனங்களால் அப்போது பெரும்பாலான மாநிலங்களில் ஏற்க மறுக்க முடிந்தது. 2010 வாக்கில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்குக் காப்பீடே இல்லை. ஆயினும் மற்றப் பெரும்பான்மையினரிடம் ஏதோ ஒரு காப்பீடு இருந்தது. எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் தங்கள் கையில் இருப்பது பறிபோய்விடும் என்ற அவர்களது அச்சந்தான் இந்த அரசியலின் ஆணிவேர். பில் கிளின்டனின் திட்டம் 1994-இல் கவிழ்ந்ததற்கும் அந்த அச்சம் ஒரு முக்கியக் காரணம்.

கேள்வி (கோவை, வழக்கறிஞர்): எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியில் ஒருவர்கூட இறுதியில் ஆதரிக்கவில்லை என்கிறார்களே, அது ஒபாமாவின் பிடிவாதத்தால் நேர்ந்ததா?

பதில்: ஒருவரும் ஆதரிக்கவில்லை என்பது உண்மை. 2009 டிசம்பர் 24 அன்று செனட்டில் 60-39 என்றும், 2010 மார்ச் 21 அன்று பிரதிநிதிகள் சபையில் 219-212 என்றும் சட்டம் நிறைவேறியது; சபையில் ஒபாமாவின் ஜனநாயகக் கட்சியிலேயே 34 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். பிடிவாதம் என்ற குற்றச்சாட்டை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. 2009 கோடைக்காலம் முழுவதும் செனட் நிதிக்குழுத் தலைவர் மாக்ஸ் பாக்கஸ் மூன்று குடியரசுக் கட்சி உறுப்பினர்களுடன் பேச்சு நடத்தினார். அவர்களில் ஒலிம்பியா ஸ்னோ குழுவில் ஆதரவாக வாக்களித்துவிட்டு, அவையில் எதிர்த்து வாக்களித்தார். இதைவிட வியப்பானது ஒன்றுண்டு. அனைவரும் காப்பீடு வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை 1989-இல் முன்மொழிந்தது வலதுசாரிச் சிந்தனை அமைப்பான ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன். அதை 2006-இல் மாசசூசெட்ஸில் சட்டமாக்கியவர் குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி. ஒரு மாநிலம் தனக்குத் தானே செய்துகொள்வதை வாஷிங்டனில் உள்ள மத்திய அரசு எல்லா மாநிலங்கள் மீதும் சுமத்தக்கூடாது என்று குடியரசுக் கட்சியினர் விளக்கம் தந்தார்கள். கூட்டாட்சித் தத்துவத்தில் அந்த வாதத்துக்கு இடமுண்டு. ஆயினும் அவர்களுடைய எதிர்ப்பு முழுவதையும் அந்த ஒரு வாதத்தால் விளக்கிவிட முடியாது.

கேள்வி (டாலஸ், சொந்தமாகத் தொழில் செய்பவர்): உங்களைப் போன்றவர்கள் புகழும் சட்டத்தால் என் பிரீமியம் பல மடங்கு ஏறியது. எனக்கு எந்த மானியமும் கிடைக்கவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. நோயுற்றவரையும் அதே விலைக்கு ஏற்க வேண்டும், முதியவரிடம் இளைஞரைப்போல் மூன்று மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்ற விதிகள் வந்தபோது, நலமாக இருந்தவர்களின் கட்டணம் உயர்வது தவிர்க்க முடியாததாகிவிட்டது. வறுமைக்கோட்டின் 400 சதவீதத்துக்கு மேல் வருமானம் இருந்தவருக்கு மானியம் கிடையாது. அந்த எல்லையை ஒரு டாலர் தாண்டினாலும் முழுத்தொகையையும் தாமே கட்ட வேண்டும். 2021-இல் பைடன் அரசு, வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் யாரும் கட்ட வேண்டாம் என்று மாற்றியது. அந்தக் கூடுதல் மானியத்தை நீட்டிப்பதா என்ற தகராறில்தான் 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அமெரிக்க அரசே முடங்கியது. முடிவில் நீட்டிப்பு கிடைக்காமல் அந்த ஆண்டோடு மானியம் காலாவதியானது.

'உங்கள் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்குப் பிடித்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்' என்ற ஒபாமாவின் வாக்குறுதியும் உங்கள் கோபத்தோடு சேர்த்துப் பேசப்பட வேண்டியது. 2013 இலையுதிர் காலத்தில் லட்சக்கணக்கானோருக்குத் திட்டம் ரத்தாகிறது என்று கடிதம் வந்தது. அந்த நவம்பரில் ஒபாமா தொலைக்காட்சிப் பேட்டியில் வருத்தம் தெரிவித்தார். அதே வேளையில் பதிவுக்கான அரசு இணையதளமும் திறந்தவுடனேயே செயலிழந்து கிடந்தது. அரசால் பெரிய காரியத்தைச் சரியாகச் செய்ய முடியாது என்று சொல்லி வந்தவர்களுக்கு இதைவிட வலுவான சான்றை வேறு யாரும் கொடுத்திருக்க முடியாது.

கேள்வி (சேலம்): முதியவர்கள் வாழலாமா சாகலாமா என்று முடிவு செய்ய 'மரணக் குழுக்கள்' அமைக்கப்பட்டனவா?

பதில்: இல்லை. இறுதிக்காலச் சிகிச்சை பற்றி நோயாளி விரும்பினால் மருத்துவரிடம் கலந்து பேசுவதற்கு மெடிகேர் கட்டணம் தரலாம் என்ற ஒரு பிரிவைத்தான் 2009-இல் குடியரசுக் கட்சித் தலைவர்களில் ஒருவரான சாரா பேலின் அவ்வாறு சித்திரித்தார். பயந்துபோய், சட்டத்தை வகுத்தவர்கள் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள்.

கேள்வி (ஹூஸ்டன், மருத்துவமனை ஊழியர்): எங்கள் மாநிலத்தில் பரம ஏழைக்கு உதவி இல்லை, அவரைவிடச் சற்று அதிகம் சம்பாதிப்பவருக்கு மானியம் உண்டு. இந்தத் தலைகீழ் நிலை எப்படி வந்தது?

பதில்: இந்தச் சண்டை முழுவதிலும் என்னை மிகவும் வருத்துவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். வறுமைக்கோட்டின் 138 சதவீதம் வரை வருமானமுள்ள வயதுவந்தோர் எல்லோருக்கும் மெடிகெய்ட் கிடைக்கும் என்றே சட்டம் வகுக்கப்பட்டது. எனவே பரம ஏழைகளுக்கு மானியம் தேவைப்படாது என்று கருதி, வறுமைக்கோட்டின் 100 சதவீதத்திலிருந்து மட்டுமே மானியத்தைத் தொடங்கினார்கள். 2012 ஜூன் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், காப்பீட்டுக் கட்டாயத்தை ஒரு வரி என்று விளக்கி 5-4 என்ற கணக்கில் காப்பாற்றினார். ஆனால் மெடிகெய்டை இவ்வாறு விரிவாக்க மறுக்கும் மாநிலத்தின் மெடிகெய்ட் நிதி முழுவதையும் நிறுத்துவோம் என்ற மிரட்டல் செல்லாது என்று ஏழு நீதிபதிகள் முடிவு செய்தார்கள். விரிவாக்கம் அன்றே மாநிலங்களின் விருப்பமாகிவிட்டது.

டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா உள்ளிட்ட 10 மாநிலங்கள் இன்னும் ஏற்கவில்லை. இதனால் டெக்சாஸில் பிள்ளைகள் இல்லாத, ஊனமில்லாத ஓர் ஏழைத் தொழிலாளிக்கு மெடிகெய்டும் இல்லை, மானியமும் இல்லை. விரிவாக்கச் செலவில் 90 சதவீதத்தை மத்திய அரசே ஏற்கிறது. நாளை வாஷிங்டன் கைவிரித்தால் சுமை எங்கள் தலையில் விழும் என்று மாநிலத் தலைவர்கள் சொல்வது வெறும் சாக்கு அன்று. ஆயினும் அந்த ஐயத்துக்கான விலையை ஆண்டுக்கணக்கில் நோயாளிகள் கொடுத்துக்கொண்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குடியரசுக் கட்சியின் கோட்டைகளான ஐடஹோ, யூட்டா, நெப்ராஸ்கா ஆகியவற்றில் 2018-லும், ஓக்லஹோமா, மிசூரி ஆகியவற்றில் 2020-லும் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் விரிவாக்கத்தை நிறைவேற்றினார்கள். டெக்சாஸ் வாக்காளர்களுக்கு அத்தகைய முன்மொழிவைத் தாங்களே வாக்குக்குக் கொண்டுவரும் உரிமை மாநில அரசியல் சட்டத்தில் இல்லை.

கேள்வி (நியூ ஜெர்சி): கிரீன் கார்டு பெற்று வந்திருக்கும் என் பெற்றோருக்கு இவற்றில் எது கிடைக்கும்?

பதில்: மெடிகெய்டுக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 65 வயது கடந்தவர்கள் தொடர்ந்து 5 ஆண்டுகள் வசித்தபின் கட்டணம் செலுத்தி மெடிகேரில் சேரலாம். அதுவரை, இந்தச் சட்டத்தின்படி அமைந்த காப்பீட்டு விற்பனைத் தளமான ஒபாமாகேர் சந்தையில் காப்பீடு வாங்கலாம். மானியம் குடும்பத்தின் வரிக்கணக்கைப் பொறுத்தது. விதிகள் 2026 முதல் கடுமையாகியிருப்பதால் உங்கள் மாநிலப் பதிவு உதவியாளரைக் கேட்டு முடிவெடுங்கள்.

கேள்வி (சென்னை, பத்திரிகையாளர்): மூன்று அதிகார மையங்களும் கையில் இருந்தும் 2017-இல் டிரம்ப்பால் ஏன் இதை ஒழிக்க முடியவில்லை?

பதில்: பிரதிநிதிகள் சபையில் 217-213 என்று ஒரு மசோதா நிறைவேறியது. செனட்டில் ஜூலை 28 அதிகாலை ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி ஆகிய குடியரசுக் கட்சியினர் மூவரும் தம் கட்சியை எதிர்த்ததால் 49-51 என்று தோற்றது. ஏழாண்டுகளாக ஒழிப்போம் என்று முழங்கியவர்களிடம் அதற்குப் பதிலாக வைக்க ஒரு திட்டம் இல்லை. முன்பே நோயுற்றவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பை எடுக்க அவர்களுடைய வாக்காளர்களே இணங்கவில்லை. அந்த ஆண்டு இறுதியில் வரிச்சட்டத்தின் வழியாகக் காப்பீடு வாங்காதவருக்கான அபராதத்தை மட்டும் 2019 முதல் பூஜ்யமாக்கினார்கள். கட்டாயம் போனால் சந்தையே சரியும் என்று சட்டத்தின் ஆதரவாளர்கள் எச்சரித்தார்கள், அது நடக்கவில்லை. பிரீமியம் ஏறும்போது மானியமும் உடன் ஏறியதால் பெரும்பாலோர் விலகாமல் இருந்தார்கள். இந்த இடத்தில் எதிர்த்தரப்பின் கணிப்பே சரியாக இருந்தது.

கேள்வி (ஈரோடு): உடல்நலமுள்ளவர் வேலை செய்தால்தான் மெடிகெய்ட் என்று 2025-இல் டிரம்ப் கொண்டுவந்த சட்டம் நியாயமாகத்தானே தெரிகிறது?

பதில்: கேட்கும்போது அப்படித்தான் தெரியும், உழைக்கக் கூடியவர் உழைக்கட்டும் என்ற எண்ணத்தில் குறையில்லை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி, விரிவாக்கத்தின் கீழ் வருபவர்கள் மாதம் 80 மணி நேர வேலையையோ அதற்கு ஈடான பயிற்சியையோ தொண்டையோ காட்ட வேண்டும். 2027 தொடக்கத்துக்குள் மாநிலங்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். சிக்கல் அதை நிரூபிப்பதில் இருக்கிறது. ஆர்கன்சா 2018-இல் இதே விதியைக் கொண்டுவந்தபோது, சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். மறு ஆண்டு மார்ச்சில் ஒரு மத்திய நீதிபதி தடுத்து நிறுத்தினார். பின்னர் ஆய்ந்தவர்கள் அந்த மாநிலத்தில் வேலைவாய்ப்பு கூடவில்லை என்றும், விதிக்கு உட்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே வேலையிலோ விலக்குக்கு உரிய நிலையிலோ இருந்தார்கள் என்றும் கண்டார்கள். இணையவழியில் மாதந்தோறும் கணக்குக் கொடுக்கத் தெரியாமலும், அப்படியொரு விதி இருப்பதே தெரியாமலும் பலர் விடுபட்டார்கள். எனவே வேலை செய்ய வேண்டுமா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். சம்பளச் சீட்டு கையில் இல்லாத தினக்கூலிக்காரர் தம் 80 மணி நேரத்தை எந்த அலுவலகத்தில், எந்தத் தாளைக் காட்டி மெய்ப்பிப்பார் என்பதையும் இந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்களிடம் கேளுங்கள்.