பாய்காட் யார்?

கேள்வி: ‘பாய்காட்’ என்ற ஆங்கிலச் சொல் எப்படி வந்தது? வகுப்புக்கு மட்டம் போட்டாலும் பாய்காட்தானா?

பதில்: அது ஓர் ஆளின் பெயர்! சார்லஸ் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களைக் கவனித்த ஏஜென்ட். 1880இல், விளைச்சல் கெட்டதால் குத்தகையைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை வெளியேற்ற நோட்டீஸ் கொடுத்தார். ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. கொல்லர் வரவில்லை, துணி வெளுக்க ஆளில்லை, கடையில் சாமான் தரவில்லை. கடைசியில் வெளியூரிலிருந்து சுமார் 50 பேர் வந்து, ராணுவக் காவலோடு அறுவடை செய்தார்கள். அந்த ஏழைக் குடியானவர்களின் கட்டுப்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது. அதே ஆண்டில் அவர் பெயர் வினைச்சொல்லாகவே ஆகிவிட்டது. அப்புறம், சோம்பலில் மட்டம் போடுவது பாய்காட் ஆகாது. எதிர்ப்பைக் காட்டப் புறக்கணித்தால்தான் அந்தச் சொல் பொருந்தும்.