சீக்கிரம் வயசுக்கு வந்தால் மனசு தாங்குமா?

அம்பத்தூர் அம்மா: மகளுக்கு எட்டரை வயது. மார்பு வளரத் தொடங்கிவிட்டது. பிராய்லர் கோழிதான் காரணமா?

கோழியை விடுங்கள். 8 முதல் 13 வயதுக்குள் தொடங்கினால் இயல்புதான். 8 வயதுக்கு முன்பே என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். எடை கூடுதலாக இருக்கும் பிள்ளைகளுக்குச் சற்று முந்தியே தொடங்குவதுண்டு. மாதவிடாய்க்குப் பெரும்பாலும் இன்னும் இரண்டு, மூன்று வருஷம் இருக்கும். அதற்குள் அவளிடம் பேசிவிடுங்கள்.

வேளச்சேரி வாசகி: அமெரிக்காவில் கறுப்பினச் சிறுமிகள் சீக்கிரம் பூப்படைவதாக என் அக்கா சொல்கிறாள். மனச்சோர்வும் அவர்களுக்குத்தான் அதிகம் வருமா?

முதல் பாதி சரி. அங்கே 17,000 சிறுமிகளைப் பார்த்து 1997இல் வெளியான ஆய்வில், மார்பு வளர்ச்சி கறுப்பினச் சிறுமிகளுக்குச் சராசரியாக 9 வயதை ஒட்டியும் வெள்ளையினச் சிறுமிகளுக்கு 10 வயதை ஒட்டியும் தொடங்கியிருந்தது. மாதவிடாய் தொடங்கும் வயதில் வித்தியாசம் அதைவிடக் குறைவு: கறுப்பினச் சிறுமிகளுக்கு 12.2, வெள்ளையினச் சிறுமிகளுக்கு 12.9.

இரண்டாம் பாதி அப்படியில்லை. முந்திப் பூப்படையும் பெண்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் எல்லா இனத்திலும் ஒரே அளவில் இல்லை. சில ஆய்வுகளில் வெள்ளையினப் பெண்களிடம் தெளிவாகத் தெரிந்த இந்தத் தொடர்பு, கறுப்பினப் பெண்களிடம் தெரியவில்லை. வகுப்பில் நான்கு பேர் கூடவே வளரும்போது கூச்சம் குறைகிறதோ என்னவோ. இது என் ஊகம்தான். அவர்களுக்கு வேறு பாரம் உண்டு: பெரியவர்கள் அவர்களைக் குழந்தைகளாகவே பார்ப்பதில்லை. இங்கே மட்டும் என்ன? பத்து வயதுப் பிள்ளையிடம் "பெரிய மனுஷி ஆயிட்ட, தெருவுல விளையாடாத" என்கிறோமே!

சௌகார்பேட்டை அம்மா: எங்கள் மார்வாடி வீட்டில் மஞ்சள் நீராட்டு கிடையாது. தோழிகளுக்கு மண்டபத்தில் நடந்ததைப் பார்த்து மகள் ஏங்குகிறாள்.

பட்டுப்பாவாடை வாங்கிக் கொடுங்கள், போதும். பேனரில் தன் படத்தைப் பார்த்துக் கூசிப்போய்ப் பள்ளிக்கு வர மறுக்கும் பிள்ளைகளும் உண்டு. விழா எடுக்கும் வீட்டினரும் முதலில் அவளைக் கேட்கட்டும்.

வியாசர்பாடி மாணவி, 14: எல்லோருக்கும் வந்தாச்சு, எனக்கு மட்டும் இல்லை.

மார்பு வளர்ச்சி தொடங்கியிருந்தால் 15 வரை பொறுக்கலாம். தொடங்கவே இல்லை என்றால் இப்போதே டாக்டரைப் பாரம்மா.

தாம்பரம் அப்பா: எரிச்சல், அழுகை. வயதுக் கோளாறுதானே?

வந்து வந்து போனால் சரி. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடில்லை, தோழிகளும் வேண்டாம் என்றால் அப்படி ஒதுக்காதீர்கள். கையைக் கீறிக்கொண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அன்றைக்கே அழைத்துப் போங்கள். கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. இரவானால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் 14416. இலவசம், தமிழில் பேசலாம்.